மொபைல் ஆப்பைக் கம்ப்யூட்டரில் திறக்கணுமா? ஓஎஸ்ஸை மாற்றும் முன் கொஞ்சம் பொறுங்கள்

போனில் மட்டும் ஓடுகிற ஒரு ஆப்பைக் கம்ப்யூட்டரிலும் திறக்க வேண்டும், அதற்கு எந்த ஓஎஸ் (விண்டோஸ், லினக்ஸ் மாதிரி கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை சாஃப்ட்வேர்) நல்லது? இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் இப்போது குறைவு. டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவருக்கு, பணம் கட்டிச் சேர்ந்த கோச்சிங் வகுப்பின் வீடியோவை உள்ளங்கை அகலத் திரையில் பார்த்துப் பார்த்துக் கண் எரிகிறது. கடைக்காரருக்கு, வாங்கி மாட்டிய வைஃபை கேமராவின் ஆப் போனுக்கு மட்டும்தான் இருக்கிறது. பில் போடும் கம்ப்யூட்டரிலேயே ஒரு ஓரமாக அது ஓடினால் எவ்வளவு வசதி. வீட்டுப் பையனுக்கு போன் கேமைப் பெரிய திரையில், மவுஸ் வைத்து ஆட வேண்டும். இன்னொருவருக்கு யூபிஐ ஆப்பே லேப்டாப்பில் வேண்டும். நாலு பேருக்கும் யாராவது ஒருவர் "புளூஸ்டாக்ஸ் போட்டா முடிஞ்சுது" என்றோ, "லினக்ஸுக்கு மாறிடு, ஆண்ட்ராய்டும் லினக்ஸ்தானே" என்றோ யோசனை சொல்லியிருப்பார்கள்.

நாலு பேருக்கும் விடை வேறு வேறு. ஆனால் அந்த ஒரு ஆப்புக்காக ஓஎஸ்ஸை மாற்ற வேண்டிய அவசியம் நாலு பேரில் யாருக்குமே இல்லை. யூபிஐ கேட்டவருக்கு எந்த ஓஎஸ்ஸைப் போட்டாலும் நடக்கப் போவதும் இல்லை. ஏன் இப்படி என்று பார்த்துவிட்டால், எந்த ஆப்பை எப்படித் திறப்பது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

ஆப் ஏன் ஓட மறுக்கிறது

ஒரு மொபைல் ஆப் மூன்று விஷயங்களை நம்பி எழுதப்பட்டிருக்கிறது. முதலாவது ஓஎஸ். ஆண்ட்ராய்டு ஆப் ஒன்று திரையில் பட்டன் போட, கேமராவைத் திறக்க, நோட்டிஃபிகேஷன் அனுப்ப, எல்லாவற்றுக்கும் ஆண்ட்ராய்டில் இருக்கிற வசதிகளைத்தான் கூப்பிடுகிறது. விண்டோஸில் அப்படிக் கூப்பிட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. லினக்ஸிலும் இல்லை. ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது லினக்ஸின் மையப் பகுதியான கர்னல்தான், அது உண்மை. ஆனால் அதற்கு மேலே கட்டியிருப்பது முழுக்க வேறு. அதனால் லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு போட்ட லேப்டாப்பில், ஆண்ட்ராய்டு ஆப்பைப் போட உதவும் ஏபிகே ஃபைலை டபுள் கிளிக் செய்தால் ஆப் திறக்காது. அதிகபட்சம் அதை ஒரு ஜிப் ஃபைலாக நினைத்துப் பிரித்துக் காட்டும், ஏனென்றால் ஏபிகே என்பது உண்மையிலேயே ஒரு ஜிப் ஃபைல்தான்.

இரண்டாவது ப்ராசஸர். அநேகமாக எல்லா போன்களிலும் இருப்பது ஆர்ம் வகைச் சிப். இன்டெல், ஏஎம்டி லேப்டாப்களில் இருப்பது எக்ஸ்86 வகை. இரண்டும் வேறு வேறு கட்டளைகளைப் புரிந்துகொள்பவை. எளிமையான ஆப்களுக்கு இது பெரிய தடையில்லை, அவற்றின் புரோகிராம் வரிகளை ஆண்ட்ராய்டே அந்தந்தச் சிப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும். கேம்கள், வீடியோ எடிட்டிங் ஆப்கள் போன்றவை வேகத்துக்காக ஆர்ம் சிப்புக்கென்றே நேரடியாகத் தயாரித்த பகுதிகளை வைத்திருக்கும். அவை எக்ஸ்86இல் ஓட வேண்டுமானால் நடுவில் ஒரு மொழிமாற்றி வேண்டும். அது இருந்தால் ஓடும், ஆனால் வேகம் குறையும், சில ஆப் பாதியில் மூடிக்கொள்ளும்.

முதல் இரண்டையும் சாஃப்ட்வேர் போட்டுச் சமாளித்துவிடலாம், கொஞ்சம் ரேமும் பொறுமையும் இருந்தால் போதும். தொல்லை கொடுப்பது மூன்றாவதுதான், அதைத்தான் பலர் கவனிப்பதில்லை: சில ஆப்களுக்கு வேண்டியது ஆண்ட்ராய்டு மட்டும் இல்லை, போனே வேண்டும். சிம் கார்டு உள்ள, யாரும் தோண்டிப் பார்க்காத, நிஜமான ஒரு போன்.

யூபிஐ ஆப்பை முதல்முறை போடும்போது என்ன நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். எந்த சிம் என்று கேட்கும், தேர்ந்தெடுத்ததும் "எஸ்எம்எஸ் அனுப்புகிறோம்" என்று ஒரு வட்டம் சுற்றும். உங்கள் போனிலிருந்தே, உங்கள் சிம்மிலிருந்தே ஒரு எஸ்எம்எஸ் போகிறது. அதை வைத்து இந்த நம்பர், இந்தக் கருவியில் இருக்கிறது என்று முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். ஓடிபியைப் பார்த்துத் தட்டுவது மாதிரி இல்லை இது. அனுப்புவதே அந்தக் கருவியாக இருக்க வேண்டும். லேப்டாப்புக்குள் ஓடுகிற போலி ஆண்ட்ராய்டில் சிம் எங்கே இருக்கிறது?

அதோடு, கூகுள் 'ப்ளே இன்டக்ரிட்டி' என்று ஒரு சோதனை வசதியை ஆப் தயாரிப்பவர்களுக்குக் கொடுத்திருக்கிறது. நான் ஓடுவது கூகுள் சான்றளித்த நிஜ போனிலா, ரூட் செய்யப்பட்டதிலா (பாதுகாப்புப் பூட்டுகளை விலக்கி முழு அதிகாரம் எடுத்தது), கம்ப்யூட்டருக்குள் ஆண்ட்ராய்டை ஓட்டும் புளூஸ்டாக்ஸ் மாதிரியான எமுலேட்டரிலா என்று ஆப் இதன்மூலம் கேட்டுத் தெரிந்துகொள்ளும். வங்கி ஆப்கள் இதில் கறார். இதைச் சுற்றிப் போக வழி சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. சேமிப்புக் கணக்கோடு விளையாடுவதற்கு அவ்வளவு ஆசை வேண்டாம் என்பது என் கருத்து. கம்ப்யூட்டரில் பணம் அனுப்ப வங்கியின் நெட்பேங்கிங் இருக்கிறது, அது போதும்.

முதலில் பிரவுசரைப் பாருங்கள்

"இந்த ஆப் மொபைலுக்கு மட்டும்தான்" என்று சொல்லப்படுவதில் பல அப்படி இல்லை. ப்ளே ஸ்டோரில் அந்த ஆப்பின் பக்கத்தில் கீழே தயாரிப்பாளரின் இணையதள முகவரி இருக்கும், அங்கே போய் லாகின் என்று ஒரு பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். கோச்சிங் நிறுவனங்கள் பலவற்றுக்கு இணைய வாசலும் உண்டு, விளம்பரத்தில் ஆப்பை மட்டும்தான் தூக்கிப் பிடிப்பார்கள்.

தளம் இருக்கிறது, ஆனால் கம்ப்யூட்டரில் திறந்தால் "போனில் திறக்கவும்" என்று விரட்டுகிறது என்றால் ஒரு சின்ன வித்தை உண்டு. குரோமில் அந்தப் பக்கத்தைத் திறந்து எஃப்12 அழுத்துங்கள், பக்கவாட்டில் ஒரு பெட்டி திறக்கும். பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எம் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பக்கம் போன் அளவுக்குச் சுருங்கும், மேலே எந்த போன் மாடலாக நடிக்க வேண்டும் என்று தேர்வு செய்ய ஒரு பட்டியல் வரும். ஒன்றைத் தேர்ந்து பக்கத்தை ரீலோட் செய்தால், தளம் உங்களைப் போன் என்று நம்பிவிடும். 2021 அக்டோபர் வாக்கில் இன்ஸ்டாகிராம் கம்ப்யூட்டரிலிருந்து படம் போட எல்லோருக்கும் அனுமதிக்கும் வரை, கடை நடத்துகிற பலர் இப்படித்தான் படம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

கேமராக்காரரின் விஷயமும் இங்கேயே முடிய வாய்ப்பு இருக்கிறது. வைஃபை கேமராக்கள் பலவற்றில் ஆர்டிஎஸ்பி என்று ஒரு வசதி இருக்கும், கேமரா எடுக்கும் படத்தை வீட்டு நெட்வொர்க்குக்குள் நேராக ஒளிபரப்புவது. ஆப்பின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் போய், கேமராவுக்கென்று தனியாக ஒரு யூசர்நேம், பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும் இடம் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதை வைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் விஎல்சி பிளேயரைத் திறந்து, கன்ட்ரோல் என் அழுத்தி, கேமராவின் ஆர்டிஎஸ்பி முகவரியை இட்டால் படம் ஓடும். முகவரி எப்படி இருக்கும் என்பது கேமராவின் மாடலைப் பொறுத்தது, கையேட்டில் இருக்கும். எமுலேட்டர், லினக்ஸ் எதுவும் வேண்டாம். பழைய 2 ஜிபி ரேம் கம்ப்யூட்டரே போதும். வாங்கும்போதே ஆர்டிஎஸ்பி இருக்கிறதா என்று கேட்டு வாங்கியிருந்தால் இன்னும் நல்லது, பேட்டரியில் ஓடும் கேமராக்களில் பெரும்பாலும் இருக்காது.

போனையே கம்ப்யூட்டரில் காட்டுவது

பிரவுசரில் வழியில்லை என்றால் அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த முறை. ஆப்பை எங்கேயும் நகர்த்தாமல், அது போனிலேயே ஓடட்டும் என்று விட்டுவிட்டு, போனின் திரையை மட்டும் கம்ப்யூட்டரில் காட்டி, கீபோர்டாலும் மவுஸாலும் இயக்குவது. மேலே சொன்ன மூன்று சிக்கலும் இதில் கிடையாது. ஆண்ட்ராய்டு நிஜம், சிப் நிஜம், சிம்மும் நிஜம். கம்ப்யூட்டரில் விண்டோஸா மேக்கா லினக்ஸா என்பதே இங்கே பொருட்டில்லை.

இதற்கு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. பெயரை ஆங்கிலத்தில் எஸ், சி, ஆர், சி, பி, ஒய் என்று ஆறெழுத்தாக எழுதுவார்கள், 'ஸ்க்ரீன் காப்பி' என்று படிக்க வேண்டும். ஜெனிமொபைல் என்ற நிறுவனம் 2018இல் வெளியிட்டது, ஓப்பன் சோர்ஸ், விளம்பரம் கிடையாது, ரூட் செய்ய வேண்டியதில்லை, போனில் எந்த ஆப்பும் போட வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு 5 முதல் எல்லாவற்றிலும் ஓடும். சத்தமும் கம்ப்யூட்டருக்கு வர வேண்டுமானால் போனில் ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இதே பெயரில் போலித் தளங்கள் திரிகின்றன, சாஃப்ட்வேர் பகிரும் தளமான கிட்ஹப்பில் இருக்கும் அதன் பக்கத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

போனில் ஒரே ஒரு தயாரிப்பு வேலை. செட்டிங்ஸில் 'அபவுட் போன்' போய், 'பில்ட் நம்பர்' என்ற வரியை ஏழு முறை தட்டினால் "நீங்கள் இப்போது டெவலப்பர்" என்று ஒரு செய்தி வரும். சில போன்களில் பில்ட் நம்பர் இன்னும் ஒரு அடுக்கு உள்ளே ஒளிந்திருக்கும், செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் தேடினால் கிடைக்கும். பிறகு புதிதாக முளைத்திருக்கும் 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' உள்ளே 'யுஎஸ்பி டீபக்கிங்' என்பதை ஆன் செய்யுங்கள். டேட்டா போகிற கேபிளால் போனைக் கம்ப்யூட்டரில் சொருகினால் போன் திரையில் "இந்தக் கம்ப்யூட்டரை அனுமதிக்கலாமா" என்று கேட்கும், சரி கொடுங்கள். இறக்கி வைத்த ஃபோல்டரில் அந்த ஆறெழுத்துப் பெயரிலேயே இருக்கும் ஃபைலை டபுள் கிளிக் செய்ததும் போன் திரை கம்ப்யூட்டரில் ஜன்னலாக வந்து நிற்கும். சில போன்களில் படம் வரும், மவுஸ் மட்டும் வேலை செய்யாது. அதே டெவலப்பர் ஆப்ஷன்ஸில் பாதுகாப்பு அமைப்புகளுக்கென்று தனியாக இன்னொரு யுஎஸ்பி டீபக்கிங் ஸ்விட்ச் இருக்கும், அதையும் ஆன் செய்து போனை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். வேலை முடிந்ததும் டீபக்கிங்கை ஆஃப் செய்துவிடுவது நல்ல பழக்கம், அதுவும் நாலு பேர் தொடுகிற கம்ப்யூட்டர் என்றால் கட்டாயம்.

இந்த முறை எங்கே காலை வாரும் என்றால், கறுப்புத் திரை. வங்கி ஆப்பைத் திறந்ததும் கம்ப்யூட்டர் ஜன்னல் இருண்டுவிடும், போனில் மட்டும் தெரியும். ஆப்பை எழுதியவர்கள் "என் திரையை யாரும் படம் பிடிக்கக் கூடாது" என்று ஆண்ட்ராய்டிடம் சொல்லிவைத்திருப்பதால் வருவது இது, பழுது ஒன்றும் இல்லை. காரணமும் நியாயமானதுதான். திரையைத் தூரத்திலிருந்து பார்க்க வைக்கும் ஆப்களை மக்களிடம் நைசாகப் பேசிப் போடச் சொல்லி, யூபிஐ வழியாகக் கணக்கைத் துடைக்கிற மோசடி பெருகி, 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கியே அதைப் பற்றி எச்சரிக்கை விட வேண்டியிருந்தது.

கோச்சிங் ஆப்கள் பல இதே பூட்டைத் திருட்டு ரெக்கார்டிங்கைத் தடுக்கப் போட்டு வைத்திருக்கும். அப்படிப்பட்ட ஆப் என்றால் ஆசிரியரின் குரல் கம்ப்யூட்டரில் கேட்கும், கரும்பலகை தெரியாது. எமுலேட்டரில் போட்டாலும் பெரும்பாலும் கண்டுபிடித்து வெளியே தள்ளிவிடும், அக்கவுண்ட்டையே முடக்குகிற இடங்களும் உண்டு. இங்கே தொழில்நுட்பத்தோடு மல்லுக்கட்டுவதைவிட, பணம் கட்டிய இடத்தில் இணைய வழி லாகின் கேட்டு நச்சரிப்பது மேல். சேரும் முன்பே கேட்டால் இன்னும் மேல். கண்ணுக்குப் பெரிய திரை என்பதுதான் தேவையென்றால் பழைய டேப்லெட் ஒன்று கூடப் போதும்.

விண்டோஸில் 'போன் லிங்க்' என்று ஒன்று ஏற்கெனவே இருக்குமே, அது ஆகாதா? ஆகும், ஆனால் போன் ஆப்களையே கம்ப்யூட்டரில் திறக்கும் வசதி சாம்சங் போன்ற சில நிறுவனங்களின் குறிப்பிட்ட மாடல்களில் மட்டும் வரும். மற்ற போன்களுக்கு அழைப்பு, மெசேஜ், நோட்டிஃபிகேஷன் அளவில் நின்றுவிடும். ஐபோனும் மேக்கும் வைத்திருப்பவர்களுக்கு 2024 முதல் 'ஐபோன் மிரரிங்' இருக்கிறது, அதற்கு ஐஓஎஸ் 18உம் மேக்ஓஎஸ் சிக்வோயாவும் வேண்டும். ஐபோன் வைத்துக்கொண்டு விண்டோஸ் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இந்த அளவு சௌகரியம் இல்லை.

எமுலேட்டர்: கம்ப்யூட்டருக்குள் ஒரு போன்

கேம் ஆடும் பையனுக்கு இதுதான் வழி. புளூஸ்டாக்ஸ், எல்டிபிளேயர், நாக்ஸ் எல்லாம் இந்த வகை. விண்டோஸுக்குள் ஒரு முழு ஆண்ட்ராய்டைத் தனியாக ஓட்டுகிறார்கள். வீட்டுக்குள் இன்னொரு குடித்தனம் வைப்பது மாதிரி, அதற்கும் தனியாக ரேம், ப்ராசஸர், டிஸ்க் இடம் எல்லாம் பிரித்துக் கொடுக்க வேண்டும். 4 ஜிபி ரேம் லேப்டாப்பில் விண்டோஸே பாதிக்கு மேல் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், மிச்சத்தில் ஆண்ட்ராய்டு திணறும். எமுலேட்டரின் தளத்தில் 4 ஜிபி போதும் என்று எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி டிஸ்க், இந்த இரண்டும் இருந்தால் மட்டும் இறங்கலாம்.

போட்டதும் "ரொம்ப ஸ்லோ" என்று வரும் புகார்களில் பாதிக்குக் காரணம் ஒரு ஸ்விட்ச். ப்ராசஸரில் விர்ச்சுவலைசேஷன் என்று ஒரு வசதி உண்டு, ஒரு ஓஎஸ்ஸுக்குள் இன்னொன்றை வேகமாக ஓட்டுவதற்கென்றே இருப்பது. பல லேப்டாப்களில் இது ஆஃப் ஆகவே வரும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் டேபில் சிபியூவைக் கிளிக் செய்தால், கீழே வலப்பக்கம் 'விர்ச்சுவலைசேஷன்: எனேபிள்டு' என்று இருக்கிறதா பாருங்கள். 'டிஸேபிள்டு' என்று இருந்தால் கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது எஃப்2, எஃப்10 அல்லது டெலீட் கீயை அழுத்தி, விண்டோஸ் தொடங்கும் முன் வரும் பயாஸ் என்ற செட்டிங்ஸ் திரைக்குள் போய் மாற்ற வேண்டும். இன்டெல் என்றால் 'விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி' என்றும், ஏஎம்டி என்றால் 'எஸ்விஎம் மோட்' என்றும் இருக்கும். பயாஸில் அதைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள்.

இலவச எமுலேட்டர்கள் விளம்பரத்தில் வாழ்பவை, உள்ளே கேட்காத கேம்களைத் தள்ளிக்கொண்டே இருக்கும். உங்கள் முக்கியமான ஜிமெயிலை அங்கே கொடுக்காமல், புதிதாக ஒரு கூகுள் கணக்கு திறந்து அதைக் கொடுங்கள். கேம் மட்டும்தான் வேண்டும் என்றால் கூகுளே தரும் 'ப்ளே கேம்ஸ்' விண்டோஸ் பதிப்பை முதலில் பாருங்கள், உங்கள் கேம் அந்தப் பட்டியலில் இருந்தால் அதுவே சுத்தமான வழி. பப்ஜி மொபைல் போன்ற சில ஆட்டங்கள் எமுலேட்டரில் வருபவர்களை அடையாளம் கண்டு, அவர்களை எமுலேட்டர்காரர்களோடே மோத விடும், மவுஸ் வைத்திருப்பவருக்கும் விரல் வைத்திருப்பவருக்கும் போட்டி வைப்பது நியாயமில்லையே.

இன்னொன்று. யூடியூபில் "விண்டோஸ் 11இல் ஆண்ட்ராய்டு ஆப்களை நேரடியாகப் போடலாம்" என்று பழைய வீடியோக்கள் இன்னும் சுற்றுகின்றன. 2021இல் மைக்ரோசாஃப்ட் அப்படி ஒரு வசதியைக் கொண்டுவந்தது உண்மை, அமேசான் ஆப்ஸ்டோர் வழியாக. 2025 மார்ச் 5ஆம் தேதியோடு அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது அதை எங்கிருந்தோ இறக்கிப் போடச் சொல்லும் வழிமுறைகளைப் பின்பற்ற வேண்டாம்.

சரி, அப்போ ஓஎஸ்?

ஓஎஸ்ஸை உங்கள் மற்ற வேலைகளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், மொபைல் ஆப் அதில் கடைசி வரிசையில் நிற்கட்டும். டேலி போடுகிறவர், விண்டோஸ். டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனைச் சொருகி ஜிஎஸ்டி, வருமான வரி வேலை பார்க்கிறவர், விண்டோஸ்தான் தலைவலி குறைவு. அச்சகம், டிடிபி வைத்திருப்பவர், பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்த பழைய பேஜ்மேக்கர் ஃபைல்களை இன்னும் திறக்க வேண்டியிருந்தால், விண்டோஸை விட்டு நகரவே கூடாது. பிரவுசர், யூனிகோடில் தமிழ் டைப்பிங், லிப்ரே ஆஃபீஸ், வீடியோ பார்ப்பது, புரோகிராமிங் கற்பது, இவ்வளவுதான் என்றால் லினக்ஸ் தாராளம். தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலுமே கிடைக்கிறது, அது ஒரு காரணமாக இருக்கத் தேவையில்லை.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் இப்போது பலர் இந்த முடிவை எடுக்க வேண்டிய இடத்தில் நிற்கிறார்கள். விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, 4 ஜிபி ரேம், 64 ஜிபி டிஸ்க், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல். 2011இல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியபோது வந்த லேப்டாப்களில் ஒன்று இன்னும் வீட்டில் இருந்தால் இந்தத் தகுதி அதற்குக் கிடையாது. அந்த லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸோடு 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸும் சேர்ந்தே வந்தது, பலர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இப்படிப்பட்ட பழைய மெஷினுக்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு மாதிரி லேசான ஒன்றைப் போட்டு, மொபைல் ஆப்புக்கு ஸ்க்ரீன் காப்பியை வைத்துக்கொண்டால் காலம் ஓடும். எமுலேட்டர் கனவு மட்டும் வேண்டாம்.

லினக்ஸில் ஆண்ட்ராய்டு ஆப் ஓடவே ஓடாது என்றும் இல்லை. வேட்ராய்டு என்று ஒன்று இருக்கிறது, இது எமுலேட்டரைவிடப் புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆண்ட்ராய்டுக்கும் வேண்டியது லினக்ஸ் கர்னல்தானே, உங்கள் லேப்டாப்பில் ஓடுகிற கர்னலையே அதற்கும் கொடுத்து, மேல்பகுதியை மட்டும் ஒரு தனிப் பெட்டிக்குள் ஓட்டுகிறார்கள். "ஆண்ட்ராய்டும் லினக்ஸ்தானே" என்று சொன்னவர் பேச்சில் உண்மை இருக்கிற இடம் இதுதான். அதனால் வேகமாக இருக்கும். ஆனால் புதிதாக வருபவருக்கு இடறுகிற கற்கள் நிறைய. திரையில் ஜன்னல்களைக் காட்ட வேலண்ட் என்ற புதிய ஏற்பாடு வேண்டும். உபுண்டு, ஃபெடோராவில் அது இயல்பாக இருக்கிறது, மின்ட்டின் சினமன் பதிப்பில் அதற்குப் பழைய ஏற்பாடான எக்ஸ்11தான் இயல்பு. என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு என்றால் தகராறு செய்யும், இன்டெல், ஏஎம்டி கிராஃபிக்ஸில் நன்றாக ஓடும். கூகுள் சேவைகள் உள்ள பதிப்பைப் போட்டாலும் "இந்தக் கருவி சான்றளிக்கப்படவில்லை" என்று ப்ளே ஸ்டோர் அடம்பிடிக்கும், கருவியின் அடையாள எண்ணை ஒரு கமாண்ட் அடித்து எடுத்து கூகுளின் பக்கத்தில் பதிவு செய்து, கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். ஆர்ம் சிப்புக்கென்றே எழுதிய ஆப்களுக்கு மொழிமாற்றியைத் தனியாகப் போட வேண்டும். லினக்ஸ் பழகியவருக்கு இது ஒரு சாயங்கால வேலை. இதற்காகவே விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸுக்கு வருகிறவருக்கு, எரிச்சல்தான் மிஞ்சும்.

மேக் எடுத்தால்? 2020 நவம்பரில் வந்த எம்1 முதல் ஆப்பிளின் சிப்களும் ஆர்ம் வகை, அதனால் ஐபோன், ஐபேட் ஆப்கள் மேக்கில் நேராகவே ஓடுகின்றன. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஆப் தயாரிப்பவர் வேண்டாம் என்று சொன்னால் மேக்கின் ஸ்டோரில் அது வராது, நெட்ஃபிளிக்ஸும் யூடியூபும் அப்படித்தான் சொல்லிவிட்டன. ஆண்ட்ராய்டு ஆப்புக்கு இது உதவவும் உதவாது. விண்டோஸிலும் 2024 முதல் ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப் லேப்டாப்கள் வந்திருக்கின்றன, போனில் இருப்பது போன்ற ஆர்ம் சிப்தான் என்பதால் மொபைல் ஆப் ஓடும் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். சிப் பொருந்துகிறது, ஆனால் அங்கே ஆண்ட்ராய்டு இல்லையே.

எல்லாவற்றையும்விட நேர்மையான ஒரே வழி, கூகுளின் குரோம்ஓஎஸ் ஓடும் லேப்டாப்பான குரோம்புக். ப்ளே ஸ்டோரே உள்ளே இருக்கும், 2016 முதல் கூகுளே ஆதரிக்கிறது, எமுலேட்டர் தகிடுதத்தம் கிடையாது. யூபிஐக்கு இதுவும் ஆகாது, சிம் சிக்கல் அப்படியே. செகண்ட் ஹேண்டில் வாங்கினால் அந்த மாடலுக்கு அப்டேட் எந்த ஆண்டு வரை என்று கூகுளின் பட்டியலில் பார்த்துவிட்டு வாங்குங்கள். 2021 முதல் வந்தவற்றுக்குப் பத்து ஆண்டு என்று வைத்திருக்கிறார்கள், அதற்கு முந்தியவற்றில் பல காலாவதியாகிவிட்டன. இங்கே ஒரு குழி இருக்கிறது: பழைய லேப்டாப்பில் இலவசமாகப் போட்டுக்கொள்ளத் தருகிற குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸில் ப்ளே ஸ்டோர் கிடையாது. பெயரை நம்பி, ஆண்ட்ராய்டு ஆப் வரும் என்று விண்டோஸை அழித்துவிட்டு இதைப் போடுகிறவர்கள் உண்டு. ஆண்ட்ராய்டையே கம்ப்யூட்டருக்குக் கொண்டுவரப் போவதாக 2025 செப்டம்பரில் கூகுள் சொல்லியிருக்கிறது, வந்து நின்று நாலு பேர் பயன்படுத்திய பிறகு அதைப் பற்றிப் பேசலாம்.

ஓஎஸ் மாற்றியே தீருவது என்று முடிவெடுத்தவர்கள், அழிக்கும் முன் பென் டிரைவில் ஓட்டிப் பாருங்கள். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் ரூஃபஸ் என்ற சின்ன சாஃப்ட்வேரால் உபுண்டுவையோ மின்ட்டையோ ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரை ஆன் செய்தால், டிஸ்க்கில் எதையும் தொடாமல் அந்த ஓஎஸ் ஓடும். அதற்கு முன் விண்டோஸ் 11 லேப்டாப்பில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் மீட்பு எண்ணை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பார்த்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பூட் செட்டிங்கைத் தொட்ட பிறகு திரும்ப விண்டோஸ் போகும்போது சில மெஷின்கள் அதைக் கேட்கும். பென் டிரைவில் ஓடும்போதே வைஃபை பிடிக்கிறதா, வெப்கேமராவில் முகம் தெரிகிறதா, லேப்டாப்பை மூடித் திறந்தால் எழுந்திருக்கிறதா, தமிழ் டைப் ஆகிறதா என்று பார்த்துவிட்டு, உங்கள் பிரிண்டரில் ஒரு பக்கம் அடித்தும் பாருங்கள்.